சீல் வைத்த கவரா, 500 ரூபாய் பதிவா?

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. உள்ளே என் நாவலின் பிரதி. மேலே, என் முகவரிக்கு நானே அனுப்பிய பதிவுத் தபாலின் முத்திரை. "பிரிக்காம வெச்சிரு தம்பி, நாளைக்கு யாராவது திருடினா, நீ எழுதினதுக்கு அதுதான் சாட்சி" என்று எழுதும் அண்ணன் ஒருவர் சொல்லியிருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கவரை எடுத்தபோது கோந்து விட்டு மூடி தானாகவே திறந்துகொண்டது. நான் பிரிக்கவில்லை என்றால் இனி யார் நம்புவார்கள்?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனே பதிப்புரிமை நமக்கு வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆக, கவரோ பதிவோ, எல்லாமே சாட்சிக்குத்தான். கவருக்குச் செலவு கம்மி, அன்றைக்கே வேலை முடியும். தனக்கே மெயில் போட்டுக்கொள்வதற்கு அந்தச் செலவும் இல்லை. சினிமாவுக்கென்று எழுதுகிறவர்கள் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தில் பதிகிறார்கள். நான் உறுப்பினர் இல்லை, அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

புயலுக்கு அப்புறம் நான் போனது பதிப்புரிமை அலுவலகப் பதிவுக்கு. ஆன்லைனில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டினால் டைரி எண், அதாவது விண்ணப்பத்துக்கான எண், வரும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பார்ப்பார்கள், பிறகுதான் பரிசீலனை. எனக்கு யாரும் ஆட்சேபிக்கவில்லை. இருந்தும் சான்றிதழ் வர மாதக்கணக்கில் ஆனது. பரவாயில்லை, பிரதி இப்போது டெல்லி துவாரகாவில் அந்த அலுவலகத்தில் இருக்கிறது, என் பீரோவில் இல்லை. சான்றிதழே நனைந்து போனாலும் பதிவேட்டிலிருந்து சான்றிட்ட நகல் வாங்கலாம். அதே சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி அந்தப் பதிவேடே முதல்நோக்குச் சான்று, அதாவது மறுக்கப்படும் வரை உண்மை என்று எடுத்துக்கொள்ளப்படும் சான்று. தப்பு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். கவர் விஷயத்தில் அந்தப் பாடு முழுக்க நம்முடையது. கோர்ட் வரைக்கும் போய்ப் பார்த்தவன் இல்லை நான், ஆனால் எனக்கு இந்த ஒன்றே போதும்.

குறையும் உண்டு. பதிந்த பிறகு இரண்டு அத்தியாயங்களைத் திருத்தி எழுதினேன். டெல்லியில் இருப்பது பழைய வடிவம். அப்புறம், வெறும் கதைக்கருவுக்குப் பாதுகாப்பு கிடையாது. உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. காசிமேட்டு விசைப்படகுக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளும் கதையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், என் வரிகளைத்தான் எடுக்கக் கூடாது.

சிறுகதைக்கெல்லாம் தலைக்கு 500 கட்ட நமக்குக் கட்டுபடியாகாது. பத்திரிகைக்கு அனுப்பும் அன்றே எனக்கும் ஒரு மெயில் தட்டிவிடுகிறேன்.