முன்மேசையில் ஒரு பேச்சு, உள்ளறையில் ஒரு பேச்சு: நுங்கம்பாக்கத்து விசா ஆலோசனை அலுவலகம்

டொரண்டோவில் இருக்கும் தங்கையின் பேறுகாலத்துக்கு அம்மாவை அழைத்துச் செல்லத் தம்பிக்குக் கனடாவின் பார்வையாளர் விசா தேவைப்பட்டது. 2017-இல் மது அருந்திவிட்டு பைக் ஓட்டியதற்காக எழும்பூர் நீதிமன்றத்தில் 2,000 ரூபாய் அபராதம் கட்டியவன் அவன் என்பதால், நாங்களே விண்ணப்பிக்கத் துணியாமல் நுங்கம்பாக்கத்தில் உள்ள ஓர் ஆலோசனை அலுவலகத்துக்குப் போனோம்.

முன்மேசையில் இருந்த இளைஞர், “அபராதம் கட்டி முடிஞ்ச கேஸ்தானே சார், ‘இல்லை’ன்னு போட்டுடலாம்” என்றார். படிவமோ தண்டனையை மட்டும் கேட்கவில்லை; எந்த நாட்டிலாவது குற்றம் செய்ததுண்டா, கைதானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா என்றும் சேர்த்தே கேட்கிறது. அங்கே உண்மையை மறைத்தது தெரியவந்தால், பழைய வழக்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் நுழைய முடியாது. பணம் வாங்கிக்கொண்டு தரப்பட்ட அறிவுரை இது என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

உள்ளறையில் இருந்த ஆலோசகர் அம்மையாரிடம் பேசிய அரைமணி நேரம்தான் கட்டணத்துக்கு ஈடானது. கட்டணம் வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பதாரருக்காக வாதிட அந்நாட்டு வழக்கறிஞர்கள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள் போன்றோருக்கே அனுமதி உண்டு. அவருடைய உரிம எண்ணை இணையப் பதிவேட்டில் அங்கேயே சரிபார்த்துக்கொண்டேன்.

அபராத ரசீதோடு தம்பி பத்திரப்படுத்தியிருந்த, ஊதிப் பார்க்கும் கருவியின் வெளிறிய சீட்டை அவர் விளக்கொளியில் சாய்த்துப் படித்தார்: 52. இந்தியாவில் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் அந்த எல்லை 80. நுழைவை மறுப்பதா என்று முடிவுசெய்ய, நம் நாட்டுத் தண்டனையைத் தங்கள் சட்டத்தின் எந்தக் குற்றத்தோடு ஒப்பிடலாம் என்றே கனடா அதிகாரிகள் பார்ப்பதால், இங்கே வாதத்துக்கு இடமுண்டு என்றார். ஆனால் அளவு குறைவாக இருந்தும் ஓட்டும் திறன் பாதிக்கப்பட்டிருந்தால் அங்கேயும் குற்றமே என்பதையும் ஒளிக்கவில்லை.

ஆண்டும் முக்கியமாம். 2018 டிசம்பர் 18 முதல் இக்குற்றத்துக்கான உச்சத் தண்டனையைக் கனடா ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டாக உயர்த்தியதால், அதன் பின் நடந்தவை கடுங்குற்றமாகிவிடுகின்றன. முந்தையது, ஒன்றே ஒன்று என்றால், தண்டனை முடிந்து பத்து ஆண்டு கழிந்ததும் தானாகவே திருந்தியவராகக் கருத வாய்ப்புண்டு. ஐந்து ஆண்டுக்குப் பின், திருந்திவிட்டதாக ஏற்கக் கோரி மறுவாழ்வு மனு போடலாம். அவசரமென்றால், தடை இருந்தாலும் சிறிது காலம் போய்வர விடும் தற்காலிக வசிப்பு அனுமதி கேட்கலாம். (அமெரிக்காவின் படிவமும் கைதானதைக் கேட்கிறது என்பதை அவரே போகிற போக்கில் சொன்னார்.)

குறைகளும் உண்டு. நீதிமன்றச் சான்றிட்ட நகலுக்கு நாங்களேதான் எழும்பூருக்கு மூன்று முறை அலைந்தோம். ஒவ்வொரு ஜெராக்ஸுக்கும் தனிக் காசு வாங்கினார்கள். நடந்ததை விளக்கித் தம்பி எழுதிய கடிதத்தை மட்டும் அம்மையார் இரண்டு முறை திருப்பியனுப்பி, “நண்பர்கள் வற்புறுத்தினார்கள்” என்ற வரியை அடிக்கச் சொன்னார், அது நியாயம்தான்.

விண்ணப்பம் போய் ஐந்து வாரம் ஆகிறது, பதில் இன்னும் வரவில்லை. போகிறவர்கள் முன்மேசையில் வாய் திறக்காமல், அம்மையாரின் நேரத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.