நீலத் திரையில் 'ரெகவரி கீ' கேட்டால் உடனே கடைக்கு ஓடாதீர்கள்

அக்காவின் லேப்டாப் விண்டோஸ் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் உள்ளே போகாமல் நீலத் திரையில் நின்றுவிட்டது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர், ரெகவரி கீ (அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி) என்று 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது. பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் கடையில் கொடுத்தோம். அக்கா ட்யூஷன் எடுக்கிறவர், பிளஸ் டூ கணக்கு வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான், அதனால் "ஃபைல்களை அழிக்கக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்கினேன்.

மறுநாளே போன். "எஸ்எஸ்டி, அதான் ஃபைலெல்லாம் இருக்கிற டிஸ்க், அடி வாங்கிருச்சு சார், டேட்டா எடுக்க 6,500 ஆகும், பயப்படாதீங்க, எடுத்துரலாம்." சரி என்றோம். திரும்பி வந்த லேப்டாப் ஜோராக ஓடியது, அதே எஸ்எஸ்டியில்! கூடவே 'மீட்ட டேட்டா' என்று ஒரு பென்டிரைவ். திறந்து பார்த்தால் விண்டோஸோடு வரும் வால்பேப்பர்கள், குட்டிக் குட்டி ஐகான்கள், டிங் டிங் ஒலி ஃபைல்கள், இவ்வளவுதான். அக்காவின் ஃபைல் ஒன்றுகூட இல்லை. அதாவது முதலில் ஃபார்மேட் அடித்துப் புது விண்டோஸ் போட்டிருக்கிறார்கள், அப்புறம் அதன் மேல் ரெகவரி சாஃப்ட்வேரை ஓட்டி, கிடைத்த குப்பையை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். போதாததற்கு திருட்டு எம்எஸ் ஆபீஸ் வேறு ஏற்றி வைத்திருந்தார்கள், அது இலவசமாம்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அக்காவின் மைக்ரோசாப்ட் கணக்கில் போனிலேயே நுழைந்து பார்த்தபோது அந்த 48 இலக்கமும் லேப்டாப் பெயரோடு அங்கேயே இருந்தது. மைக்ரோசாப்ட் கணக்கு போட்டு லேப்டாப்பைத் தொடங்கினால் பல மாடல்களில் விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டிவிட்டு, சாவியை அந்தக் கணக்கில் போட்டு வைக்கிறது. பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் சாஃப்ட்வேர்) அப்டேட்டோ விண்டோஸ் அப்டேட்டோ நடந்தால் சில சமயம் சந்தேகப்பட்டு அதைக் கேட்கும். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு இதே திரை பலருக்கு வந்து, மைக்ரோசாப்டே ஒப்புக்கொண்டு ஆகஸ்டில் சரிசெய்தது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

ஆகவே அந்தத் திரை வந்தால் முதலில் ஒரு போட்டோ எடுங்கள். அதில் கீ ஐடி என்று ஒன்று இருக்கும், அதன் முதல் 8 எழுத்துகள் கணக்கில் இருக்கும் கீயோடு பொருந்துகிறதா பாருங்கள். வீட்டில் யார் மெயில் ஐடியில் லேப்டாப்பைத் தொடங்கினீர்களோ அந்தக் கணக்கில் தேட வேண்டும், பிள்ளைகளின் ஐடியாகக்கூட இருக்கலாம். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் கேளுங்கள். கீ இல்லாமலே டேட்டாவை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், பூட்டிய எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் படிக்க முடியாது.

கடைக்காரர் பாதிப் பணம் தருவதாக இறங்கி வந்திருக்கிறார். முழுப் பணமும் வேண்டும் என்று ரசீதைக் காட்டி 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.