சாளேசுவரத்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

சென்ற ஆனி மாதம், உயிரோடு இருக்கும் ஒருவருக்கு நான் இரங்கல் தெரிவித்துவிட்டேன்.

என்னோடு வேலை பார்த்தவர், எனக்கு ஏழு வயது மூத்தவர். பழைய ஊழியர்களுக்கென்று நாங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய மகன் ஒரு படம் போட்டிருந்தான். மனிதர் மாலையும் கழுத்துமாக இருந்தார். கீழே பொடி எழுத்தில் நாலு வரி. எங்கள் குழுவில் இப்போதெல்லாம் மாலையோடு யார் படம் வந்தாலும் செய்தி ஒன்றுதான். கண்ணாடியைத் தேடச் சோம்பல். 'ஆழ்ந்த இரங்கல். அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும்' என்று அனுப்பிவிட்டேன். என்னை நம்பி, பின்னாலேயே நாலு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அரை மணி நேரத்தில் அவரே தொலைபேசியில் வந்தார். "அது என் எழுபது வயதுக்கான பீமரத சாந்தி அழைப்பிதழ் ஐயா. சாந்தி என்ற சொல் மட்டும்தான் உம் கண்ணில் பட்டதா?" என்று கேட்டார். உண்மையில் அதுகூடப் படவில்லை. பக்கத்தில் அவர் மனைவியும் மாலையோடு நின்றதைக் கவனித்திருந்தால் இருவருக்கும் சேர்த்தே இரங்கியிருப்பேன்.

வேறு யாருக்காவது நேர்ந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நான் ரயில்வே தபால் சேவையான ஆர்.எம்.எஸ்.ஸில், திருச்சி 'டி' டிவிஷனில், 36 வருடம் தபால் பிரித்தவன். ஓடுகிற ரயிலில், ஆடுகிற விளக்கு வெளிச்சத்தில், டாக்டர்கள் கையெழுத்தில் வந்த முகவரியைக்கூட ஒரு பார்வையில் படித்துச் சரியான அறையில் எறிந்திருக்கிறேன். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதலே இருக்கிறது. ஆனாலும் 'மலைக்கோட்டை பக்கம், திருச்சி' என்று எழுதி அனுப்புகிறவர்கள் கடைசிவரை இருந்தார்கள். அவர்களுக்காக 620002ஐயும், 'ரங்கநாதர் கோயில் தெரு' என்று மட்டும் எழுதியவர்களுக்காக 620006ஐயும் தூக்கத்திலும் சொல்வேன். அப்படிப்பட்ட கண் இப்போது மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைத் தேடுகிறது. அந்தத் தேதியை வெள்ளித் தாளில் வெள்ளியாகவே அச்சடிக்கிறவன் இன்னும் நாற்பதைத் தொடாதவன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்தக் கோளாறுக்கு நல்ல தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து சாளேசுவரம்தான். சிறுவயதில் அது திருவானைக்காவலுக்குப் பக்கத்தில் ஏதோ சிவன் கோயில் என்று நினைத்திருந்தேன். ஜம்புகேசுவரம், ராமேசுவரம், சாளேசுவரம். தாத்தாவுக்குச் சாளேசுவரம் வந்துவிட்டது என்றால், வரவில்லை, இவர்தானே போக வேண்டும் என்று குழம்புவேன். பிறகுதான் தெரிந்தது, மராத்திக்காரர்கள் நாற்பதுக்குச் சொல்லும் 'சாளீஸ்' என்ற எண்ணிலிருந்து வந்த சொல் அது என்று. விழிக்குள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்ந்து கொடுக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது குவியும். வயது ஏற ஏற அது விறைத்துப்போகிறது. நாற்பதில் தொடங்கி அறுபதுக்குள் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். எனக்கு 63. என்னிடம் இரண்டு கண்ணாடிகள் இருந்தன. தூரத்துக்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று. எதைத் தேடினாலும் மற்றது கிடைக்கும். இரங்கல் விவகாரத்துக்குப் பிறகு மனைவி, "இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே கண்ணாடியாக வாங்குங்கள். நம் வீட்டு விசேஷத்துக்கும் யாராவது இரங்கல் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

மலைக்கோட்டை அடிவாரத்துக் கடைவீதியில் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், கடைசிவரை படித்தால் ஏன் என்று தெரியும். வாசலில் ஆளுயரப் பலகை. 'சிறப்புச் சலுகை' என்று கொட்டை எழுத்து, அதன் தலையில் ஒரு நட்சத்திரம், பலகையின் அடியில் அந்த நட்சத்திரத்துக்கான நிபந்தனை, எறும்பு வரிசை போல. கண்ணாடிக் கடையில் இப்படி எழுதுகிறவர்களின் தைரியத்தை என்னவென்று சொல்வது! அதைப் படிக்க முடிந்தவன் அந்தக் கடைக்குள் ஏன் வரப்போகிறான்?

கடைக்காரர்கள் என்னை அழைக்கும் விதத்தை வைத்தே என் வரலாற்றை எழுதிவிடலாம். நாற்பதுவரை அண்ணா. அப்புறம் சார். தலை வெளுத்ததும் ஐயா. இந்தக் கடையில் மூன்று படி ஏறி உள்ளே போனேன். கல்லூரி முடித்துச் சில மாதமே ஆகியிருக்கும் பையன் ஒருவன், "வாருங்கள் பெரியவரே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, "தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்றும் கேட்டான். மூன்று படிக்குத் தண்ணீர்! வேண்டாம் என்று சொன்ன வேகத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

பரிசோதனையில் குறையில்லை. முதலில் மோவாயை ஒரு தாங்கியில் வைத்து ஓர் இயந்திரத்துக்குள் பார்க்கச் சொன்னான். நேர்ச்சாலை, அதன் கடைசியில் ஒரு பலூன். அது மங்கும், தெளியும். அதற்குள் இயந்திரம் கணக்குப் போட்டுவிடுகிறது. பிறகு கனமான இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, முன்னது தெளிவா?" என்று கேட்டான். பத்துத் தடவைக்கு மேல் எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் அப்படிச் சொன்னால் தேர்வில் தோற்றுவிடுவோமோ என்ற பயம். "இது கொஞ்சம் தேவலை" என்று மாற்றி மாற்றிச் சொல்லிவைத்தேன். என் இன்றைய பார்வையில் பாதி அந்தப் பயத்தின்மேல் நிற்கிறது. தூரத்துக்கு முக்கால், படிக்கக் கூடுதலாக இரண்டே கால் என்று எழுதிக்கொடுத்தான்.

இனிதான் பேரம். இரண்டு பார்வைக்கும் ஒரே கண்ணாடி என்றால் இரு வழி. ஒன்று, நடுவில் கோடு தெரியும் பைஃபோகல். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் நினைவுக்கு வருகிறார். அவர் எங்கள் துறைக்காரர். 1775இல் அமெரிக்காவின் முதல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஆனவர். இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட அலுத்து, இரண்டையும் பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்திக்கொண்டார். 79 வயதில், 1785இல், ஒரு நண்பருக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதினார்: பிரான்சில் விருந்து மேசையில் தட்டில் இருப்பதும் தெரிகிறது, எதிரில் பேசுகிறவரின் முகமும் தெரிகிறது, வாயசைவைப் பார்த்தால் பிரெஞ்சு நன்றாகப் புரிகிறது என்று. என் அனுபவமும் அதுதான். மனைவியின் முகம் தெளிவாகத் தெரியாத நேரத்தில் அவள் பேசும் தமிழ் எனக்கு முக்கால்வாசி கேட்பதில்லை.

மற்றது ப்ரோக்ரெஸிவ். 1959இல் பிரான்சில் 'வாரிலக்ஸ்' என்ற பெயரில் வந்த வகை. கோடே கிடையாது. மேலே தூரம், நடுவே கணினித் திரை, கீழே படிப்பு. மேலிருந்து கீழே பவர் மெல்ல மெல்ல ஏறும். பையன் இதையெல்லாம் விளக்கவில்லை. ஒரே வரி சொன்னான். "கோடு தெரியாது பெரியவரே, வயதும் தெரியாது."

வாங்கிவிட்டேன். பிரேம் 1,850 ரூபாய், கண்ணாடி ஜோடி 6,400, ஆக 8,250. பைஃபோகல் என்றால் இதில் கால் பங்கில் முடிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னது அடுத்த புதன்கிழமை வந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை, தபால்காரனுக்குத் தாமதத்தைப் பற்றிப் பேச வாய் ஏது? போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து பத்திரிகையை விரித்தேன். எழுத்துத் தெரிகிறது, ஆனால் மோவாயை நன்றாக உயர்த்தினால்தான் தெரிகிறது. ராஜகோபுரத்துக் கலசத்தைப் பார்க்கிறவன் போலத் தலையை அண்ணாந்துகொண்டு, தலையங்கத்தை மூக்கின் அடிவழியே படித்தேன். "பணியில் இருந்தபோதுகூட உங்களுக்கு இவ்வளவு திமிர் இருந்ததில்லை" என்றாள் மனைவி. மூன்றாம் நாள் பிடரி பிடித்துக்கொண்டது. கடைக்குப் போன் செய்தால், "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றான் பையன். இது 63 வயதுக்காரனிடம் சொல்லக் கூடாத வாக்கியம். முழங்காலுக்கும் இதையே சொன்னார்கள், காதுக்கும் இதையே சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேரில் போனேன். அன்று கடையில் முதலாளி இருந்தார். எழுபதைத் தாண்டியவர். கண்ணாடியை என் முகத்தில் மாட்டி, தன் முக்காலியை இழுத்து, தன் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உட்கார்ந்தார். "என் மூக்கைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். பேனாவால் ஒவ்வொரு கண்ணாடியிலும் கண்பாப்பாவுக்கு நேராக ஒரு புள்ளி வைத்தார். பிறகு கழற்றி ஓர் அளவுகோலில் வைத்துப் பார்த்துவிட்டு, பையனை ஒரு பார்வை பார்த்தார். அளவெடுத்தபோது பையன் வைத்த புள்ளி நான்கு மில்லிமீட்டர் கீழே போயிருக்கிறது. முதல் நாள் பையன் புள்ளி வைத்தபோது நான் கண்ணைத் தாழ்த்தி மேசைமேலிருந்த விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 6,400 என்ற எண்ணைக் கண்டு தாழ்ந்த பார்வை, அப்படியே கண்ணாடியில் பதிந்துவிட்டது.

காசு வாங்காமல் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். ஒன்பது நாள் ஆயிற்று. அதற்காகவே இந்தக் கடைக்கு நான் பூஜ்யம் மதிப்பெண் போடவில்லை. கிளம்பும்போதுதான் கவனித்தேன், முதலாளியின் மூக்கில் இருந்தது கோடு போட்ட பழைய பைஃபோகல். "நீங்கள் ஏன் இது போடவில்லை?" என்று கேட்டேன். "எனக்கு மாடியில் வீடு" என்றார். அதன் பொருள் அடுத்த சனிக்கிழமை விளங்கியது.

இரண்டாவது கண்ணாடி உண்மையில் நல்ல பொருள். பத்திரிகை, கைபேசி, மாத்திரை அட்டை எல்லாம் தலை நிமிராமல் படிக்க முடிகிறது. ஒரே ஒரு நிபந்தனை: தெளிவு இருப்பது நடுவில் ஒரு சந்து அளவுக்குத்தான், இரு ஓரமும் தண்ணீருக்கு அடியில் பார்ப்பதுபோல நெளியும். எதைப் பார்ப்பதானாலும் கண்ணைத் திருப்பக் கூடாது, மூக்கைத் திருப்ப வேண்டும். பக்கத்தில் நிற்பவரை ஓரக்கண்ணால் பார்க்கும் வாய்ப்பு என் வாழ்வில் முடிந்தது. மனைவிக்கு இதில் மகிழ்ச்சி.

சனிக்கிழமை உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கப் போனேன். மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, பாறையைக் குடைந்த படிகளில் ஏறி, தாயுமானவரையும் பார்த்து, மேலே போகும்வரை ஒரு குறையும் இல்லை. உச்சியில் நின்றபோது காவிரியும் அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் கோபுரமும் அப்படிப் பளிச்சென்று தெரிந்தன. 8,250 செரித்துவிட்டது என்றே நினைத்தேன். இறங்கத் தொடங்கியபோதுதான் வந்தது வினை. கீழே பார்த்தால், கண்ணாடியின் கீழ்ப்பாதி, அதாவது ஒரு முழத் தூரத்தில் புத்தகம் படிப்பதற்கான பகுதி, படியைக் காட்டுகிறது. படி மங்கலாக, மேலே தூக்கிக்கொண்டு, இருக்கும் இடத்தில் இல்லாமல் நின்றது. நானூற்றுச் சொச்சம் படிகள். மோவாயை மார்பில் ஒட்டிக்கொண்டு மேற்பகுதி வழியே பார்த்தால் சரியாகத் தெரியும் என்பதை நூறு படி இறங்கிய பிறகு கண்டுபிடித்தேன். அதற்குள் என்னைவிடக் குறைவான இளைப்போடு என்னை முந்திய ஒரு மூதாட்டி, வெறுங்கண்ணோடு, திரும்பி நின்று கையை நீட்டி, "பிடித்துக்கொள் தம்பி" என்றார். எண்பது இருக்கும் அவருக்கு. இருபது வருடத்தில் முதல் முறையாக என்னைத் தம்பி என்ற குரல் அது. அடிவாரம்வரை கையை விடவில்லை.

அன்று மாலை, கண்ணாடியைச் சோதிக்க வேண்டுமே என்று வீட்டில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தீப்பெட்டி, பற்பசைக் குழாய், கடைசியில் கண்ணாடிக் கடை ரசீதின் பின்பக்கம். அங்கேயும் ஒரு நட்சத்திரம், அங்கேயும் எறும்பு வரிசை. இப்போது ஒவ்வோர் எறும்பாகத் தெரிந்தது. 60 வயது நிறைந்தவர்களுக்கு மொத்தத் தொகையில் 10 சதவீதம் தள்ளுபடி.

மறுநாள் ரசீதோடும் ஆதார் அட்டையோடும் போய் நின்றேன். பையன் ரசீதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும் பெரியவரே, பில் போட்ட பிறகு முடியாது" என்றான். "நீ கேட்டிருக்கலாமே?" என்றேன். "பார்த்தால் அறுபது ஆனவர் போலவே தெரியவில்லை, அதனால்தான்" என்றான்.

அவன் சொன்னது 825 ரூபாய்ப் பொய் என்று தெரியும். ஆனாலும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினேன். கடைக்கு ஐந்துக்கு மூன்றரை.