8,750 ரூபாய் போச்சு: குழந்தையோடு விமானத்தில் போகிறவர்கள் ஸ்ட்ரோலர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கை நடுங்க நடுங்கத்தான் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சமூக வலைத்தளத்தில் குழந்தைப் பொருள் விற்கும் ஒரு பக்கம் என்னிடம் 8,750 ரூபாயை வாங்கிக்கொண்டு, குழந்தையை உட்காரவைக்கவே முடியாத ஒரு ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தைத் தள்ளுவண்டியை, அனுப்பிவிட்டு, இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டது. பெயர் போட மாட்டேன், போட்டால் நாளைக்கே வேறு பெயரில் பக்கம் திறப்பார்கள். எப்படிப்பட்ட பக்கம் என்று சொல்கிறேன், அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

பிரசவத்துக்கு கும்பகோணத்தில் அம்மா வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை. குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது, பாஸ்போர்ட் விசா எல்லாம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திருச்சியிலிருந்து விமானம். நான் தனியாகத்தான் போகிறேன். ஒரு தோளில் பை, ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும். இமிகிரேஷன் வரிசை, செக்யூரிட்டி வரிசை, பிறகு கேட் வரைக்கும் நடை. திருச்சியில் 2024-ல் திறந்த புதிய முனையத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழைய இடம் மாதிரி நாலு எட்டில் முடிகிற கதை இல்லை. அதனால்தான் சின்னதாக மடிகிற, எடை குறைந்த ஸ்ட்ரோலர் தேடினேன். அம்மா முதலிலேயே, "நாங்கல்லாம் இடுப்புல தூக்கிக்கிட்டு போகலையா, தூளி கட்டி வளக்கலையா, இதுக்கு எதுக்கு அவ்வளவு காசு" என்றார்கள். இப்போது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் ஒரு வீடியோ. ஒரு பெண் ஒற்றைக் கையால் பட்டனை அழுத்துகிறார், ஸ்ட்ரோலர் தானாக மடிந்து சூட்கேஸ் அளவுக்குச் சுருங்குகிறது, இரண்டு விரலில் தூக்கி அலமாரிக்கு மேலே வைக்கிறார். கீழே எழுத்து ஓடுகிறது: 5.8 கிலோ, பிறந்த குழந்தையிலிருந்து போடலாம், முழுசாகப் படுக்கவைக்கலாம், "ஐயாட்டா அப்ரூவ்டு" (ஐயாட்டா என்பது உலக விமான நிறுவனங்களின் சங்கம்), எல்லா விமானத்திலும் கேபினுக்குள் எடுத்துப் போகலாம். நான் அதை மட்டும் பார்த்துப் பணம் போடவில்லை. மெசேஜ் செய்தேன், எடை கேட்டேன், மடித்தால் எவ்வளவு நீளம் என்று கேட்டேன், உட்காரும் இடம் படுக்கையாகுமா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ஆமாக்கா, ஆமாக்கா".

அப்புறம் அந்தப் பெண்ணே போன் செய்தாள். நான் நம்பியது இந்த இடத்தில்தான். என் பேச்சைக் கேட்டதும், "அக்கா நீங்க கும்பகோணமா? நான் மாயவரத்துப் பொண்ணுக்கா" என்றாள். எந்தத் தெரு என்று கேட்டாள். மகாமகக் குளத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். தனக்கும் கைக்குழந்தை இருப்பதாகவும், அதைத் தூக்கிக்கொண்டு துபாய் போகும்போது பட்ட பாட்டில்தான் இந்த வியாபாரமே ஆரம்பித்ததாகவும் சொன்னாள். பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம் வேறு. "இருங்கக்கா, பால் குடுத்துட்டு வரேன்" என்று ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். எனக்கும் அப்போது மடியில் குழந்தை. வேறு என்ன வேண்டும் சொல்லுங்கள். விலை 9,500, "நம்ம ஊருக்காரங்களுக்காக" 8,750. பொருள் வந்ததும் பணம் கொடுக்கிறேன் என்றதற்கு, "கேஷ் ஆன் டெலிவரியில நிறைய பேரு ரிட்டர்ன் பண்ணிட்டாங்கக்கா, எங்களுக்கு நஷ்டம், நான் எங்க போயிடப் போறேன், மாயவரத்துலதானே இருக்கேன்" என்றாள். ஒரு போன் நம்பர் கொடுத்தாள். யுபிஐயில் போட்டால் ஒரு ஆண் பெயர் காட்டியது. "அண்ணன் அக்கவுண்ட்டுக்கா." சரி என்று 8,750 ரூபாயையும் போட்டேன்.

பணம் போகிற வரைக்கும் ஒரு நாளைக்கு பத்து மெசேஜ், பூ, கைகூப்பு, குழந்தைக்கு முத்தம். பணம் போனதும் ஒற்றை வார்த்தை. "டிஸ்பேட்ச்." அவ்வளவுதான்.

பெட்டி வந்தது. மாயவரத்திலிருந்து வரவில்லை, வடக்கே ஏதோ கிடங்கிலிருந்து வந்திருக்கிறது என்பது மேலே ஒட்டிய சீட்டிலேயே தெரிந்தது. உள்ளே பில் இல்லை, கம்பெனி பெயர் இல்லை, எப்படிப் பூட்டுவது என்று ஒரு காகிதம்கூட இல்லை. பிரித்துப் பார்த்தால் வீடியோவில் பார்த்த சாமானே இல்லை. குடை மாதிரி நீளவாக்கில் மடிகிற பழைய ரகம். அம்மாவின் தையல் டேப்பை வைத்து அளந்தேன், மடித்த பிறகு 104 சென்டிமீட்டர். இதைக் கேபினுக்குள் எங்கே வைப்பது, பைலட் மடியிலா? எடை தூக்கும்போதே சந்தேகம். அப்பா அதை டிவிஎஸ்ஸில் கட்டி, தெரிந்தவர் அரிசி மண்டிக்கு எடுத்துப் போய் மேடைத் தராசில் வைத்தார். 8 கிலோ 600 கிராம். 5.8 கிலோ எங்கே, இது எங்கே.

சரி, எடை போனால் போகட்டும், குழந்தையையாவது வைக்கலாமா என்று பார்த்தால் அதுவும் இல்லை. "முழுசாகப் படுக்கும்" என்ற சாய்வு என்பது முதுகுத் துணிக்குப் பின்னால் ஒரு நாடா, அதைத் தளர்த்தினால் துணி கொஞ்சம் தொய்கிறது, அவ்வளவே. ஐந்து மாதக் குழந்தைக்கு இப்போதுதான் கழுத்து நின்றிருக்கிறது, உட்காரவே தெரியாது. அந்தத் தொய்வில் வைத்தால் தலை மார்பில் கவிழும், மூச்சுக்கே ஆபத்து. தோளுக்குப் பட்டை கிடையாது, இடுப்பில் மட்டும் ஒரு பெல்ட். அப்பா நல்லவேளையாக, "பாப்பாவை வைக்காதே, முதல்ல இதை வைப்போம்" என்று ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துத் தள்ளினார். வாசல் கல்லைத் தாண்டியதும் முன்சக்கரம் குறுக்கே திரும்பி நின்றது. நாடா கோத்த பிளாஸ்டிக் கொக்கி பட்டென்று உடைந்து பை பின்பக்கமாகச் சாய்ந்தது. பிரேக் போட்டுத் தள்ளினேன், அதுபாட்டுக்குப் போகிறது. அந்த அரிசிப் பை இருந்த இடத்தில் என் பிள்ளை இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

உடைந்த கொக்கியைப் படம் எடுத்து, டேப் வைத்த படம், தராசு படம் எல்லாம் அனுப்பினேன். அதற்கு வந்த பதில்களைக் கேளுங்கள்.

முதலில், "மாடல் அப்டேட் ஆயிருச்சுக்கா, இது புது வெர்ஷன், இன்னும் ஸ்ட்ராங்." உடைந்த கொக்கியின் படத்துக்குக் கீழே இந்தப் பதில்! அப்புறம், "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா? கட் இல்லாம எடுத்திருக்கணும், ரூல்ஸ் பேஜ்லயே போட்டிருக்கோம்." போய்த் தேடினால் எங்கோ பழைய ஸ்டோரியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அப்புறம், "டீம்கிட்ட சொல்லியிருக்கேன்." எந்த டீம்? அண்ணனும் தங்கச்சியும்தானே டீம்? அதன் பிறகு ரெண்டு நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. விடாமல் கேட்டதும், திருப்பி அனுப்பும் கொரியர் செலவு என்னுடையது, பொருள் "நல்ல நிலையில்" வந்து சேர்ந்தால் பணம் தருவதைப் பற்றி யோசிப்பார்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆர்டரில் 500 ரூபாய் தள்ளுபடி என்றார்கள். அடுத்த ஆர்டராம்.

போன் செய்தேன், அந்த மாயவரத்துப் பொண்ணு எடுக்கவே இல்லை. வேறு நம்பரிலிருந்து அண்ணன் என்று ஒருவர் பேசினார். "மேடம், எட்டாயிரம் ரூபாய்க்கு எதுக்கு இவ்வளவு டென்ஷன், ஃப்ளைட்ல போறவங்களுக்கு இதெல்லாம் ஒரு காசா, கேஸ் போடணும்னா போட்டுக்கோங்க" என்று வைத்துவிட்டார். எட்டாயிரம் இல்லை சார், எட்டாயிரத்து எழுநூற்றைம்பது. விமானத்தில் போகிறவர்கள் எல்லாம் பணம் காய்க்கிற மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைப்பு. என் டிக்கெட்டுக்கு வீட்டுக்காரர் எத்தனை மாதம் ஓவர்டைம் பார்த்தார் என்று அவருக்குத் தெரியுமா? அன்று சாயங்காலமே பிளாக். பக்கத்தில் போட்ட கமெண்ட்டும் காணோம். தம்பி போனிலிருந்து பார்த்தால், கமெண்ட் பகுதியையே மூடி வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் எத்தனை பேர் எழுதி அழிக்கப்பட்டார்களோ.

"படிச்ச பொண்ணு ஏமாறலாமா" என்று ஒரு உறவுக்காரர் கேட்டார். ஏமாற்றியவனை விட்டுவிட்டு இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிறவர்கள் தயவுசெய்து இந்தப் பதிவின் கீழே வர வேண்டாம்.

எப்படி நல்ல ஸ்ட்ரோலர் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இருக்கிற கோபத்தில் முடியவில்லை. இந்தக் கூத்துக்குப் பிறகு விமான நிறுவனத்துக்கே போன் செய்தும், நாலு இடத்தில் தேடியும் தெரிந்துகொண்டதை மட்டும் கடகடவென்று சொல்கிறேன்.

"ஐயாட்டா அப்ரூவ்டு" என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஸ்ட்ரோலருக்கு அப்படி முத்திரை குத்துவது அவர்கள் வேலை இல்லை. உள்ளே விடுவதும் விடாததும் அந்தந்த விமான நிறுவனம், அன்றைக்குக் கவுண்டரில் இருப்பவர், விமானத்தில் இருக்கிற இடம் இதைப் பொறுத்தது. கேபினுக்குள் எடுத்துப் போகும் பைக்கு நம்மூரில் பல நிறுவனங்கள் சொல்வது 55×35×25 சென்டிமீட்டர், 7 கிலோ. எல்லாரும் புகழ்கிற பேபிசென் யோயோ என்ற ஸ்ட்ரோலரே மடித்தால் 52×44×18 சென்டிமீட்டர், 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதாவது அதுவே அகலத்தில் இந்தக் கணக்குக்குள் வராது. அதனால் மடித்த மூன்று அளவையும் எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள், எடையை மேல்கூரை, சக்கரம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். தராசில் வைத்துக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. கேபினுக்குள் விடாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது, கைக்குழந்தை இருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் ஸ்ட்ரோலரைக் காசில்லாமல் எடுத்துக்கொள்கின்றன. கவுண்டரிலேயே போடலாம், பல இடங்களில் விமானக் கதவு வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே கொடுக்கவும் விடுவார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உறை போட்டுக் கொடுங்கள். இறங்கியதும் உடைந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இலவசமாகவே ஸ்ட்ரோலர் வைத்திருக்கிறார்கள், இது முன்னமே தெரிந்திருந்தால் இந்த 8,750 ரூபாயே மிச்சம்.

ஆறு மாதத்துக்குக் கீழ் குழந்தை என்றால் மட்டமாகப் படுக்க வேண்டும், தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவில் ஒன்று என்று ஐந்து பட்டையும் இருக்க வேண்டும். இதில் சமாதானமே கூடாது.

பணம் தனி ஆள் நம்பருக்குப் போடாதீர்கள். கார்டில் கட்டினால் வங்கியிடம் தகராறு எழுப்பவாவது வழி உண்டு. ஆன்லைனில் விற்பவர் பெயர், முகவரி, குறைதீர்க்கும் அதிகாரி எல்லாம் காட்ட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும் என்று 2020 மின்வணிக விதியில் இருக்கிறது, அதையும் அந்த அண்ணனுக்கு அனுப்பினேன், படித்துவிட்டுத்தான் பிளாக் செய்தார். நுகர்வோர் உதவி எண் 1915, பணமோசடிக்கு 1930. நான் இரண்டிலும் சொல்லிவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது என்பதால், நான் கிளம்பியதும் அப்பா தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்தில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். படங்கள், மெசேஜ், பணம் போன ரசீது எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து பைலில் கோத்து வைத்துவிட்டார்.

இதை எழுதும்போது தம்பி மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான். அதே வீடியோ, அதே ஒற்றைக் கை, அதே அலமாரி. விலையை மட்டும் 7,999 ஆக்கியிருக்கிறார்கள், கீழே "கடைசி மூன்று பீஸ்" என்று போட்டிருக்கிறது.