100+100 வாட் என்று விற்ற பெட்டிக்குள் 10 வாட்: வேலூரில் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

6,800 ரூபாய் போச்சு. இன்று சாயந்திரம்தான் நாலாவது தடவையாகக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆரணி, குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா என்று சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேலூருக்குத்தான் பஸ் ஏறி வருகிறார்கள். அவர்கள் கண்ணில் இது பட வேண்டும். கடையின் பெயரைப் போடவில்லை. கம்பெனிப் பெட்டியும் வைத்திருப்பார்கள், "நம்ம கையால அசெம்பிள் பண்ணது" என்று தனிப் பெட்டியும் விற்பார்கள், அந்த மாதிரிக் கடை. குறைந்த விலையில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை எப்படிப் பார்த்து எடுப்பது என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்தது.

நான் கேட்டது இவ்வளவுதான்: வீட்டு ஹாலுக்கு இரண்டு சேனல், 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பாட்டு சுத்தமாகக் கேட்க வேண்டும், 7,000 ரூபாய்க்குள். கடைக்காரர் எடுத்து மேசையில் வைத்தது கறுப்புப் பெட்டி ஒன்று. "100+100 வாட் ஆர்.எம்.எஸ்., 5200-1943 போர்டு, ஃபுல் காப்பர் டிரான்ஸ்ஃபார்மர், புளூடூத், ரிமோட்டு." ஆர்.எம்.எஸ். என்றால் விடாமல் கொடுக்கிற உண்மையான வாட், 5200-1943 என்பது டிரான்சிஸ்டர் நம்பர். விலை 6,800.

வாயால் சொன்னதை மட்டும் வைத்து நான் நம்பவில்லை. செல்போன் டார்ச்சை அவரே எடுத்து, மேல் மூடியில் காற்றுப் போக வெட்டியிருக்கும் ஓட்டை வழியாக உள்ளே அடித்துக் காட்டினார். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் மேல் வரிசையாக நாலு தடித்த டிரான்சிஸ்டர். எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது: சி5200, ஏ1943. "பாத்துக்கோப்பா, நாலு பீஸு. சேனலுக்கு ஒரு ஜோடி. இன்னா டவுட்டு உனக்கு?" என்றார். தோஷிபா வடிவமைத்த இந்த ஜோடியைத் தமிழ்நாட்டில் ஆம்ப்ளி கட்டுகிற யாருக்கும் தெரியும். 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் சூடு வரை தாங்கும். சேனலுக்கு ஒரு ஜோடி இருந்தால் 8 ஓமில் 100 வாட் எடுப்பது நியாயமான கணக்குதான். அந்த நம்பரைப் பார்த்த நிமிஷத்தில்தான் நம்பிக்கை வந்தது. டிரான்சிஸ்டரைப் பார்த்தேன். அதன் கால் எங்கே போகிறது என்று அந்த ஓட்டை வழியாகத் தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

பிறகு கடையில் இருந்த உயரமான மூன்று வழி ஸ்பீக்கரில் மாட்டிப் பாட்டுப் போட்டார். கடை அதிர்ந்தது. இதை எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும்: 90 டெசிபெல் ரக ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபெல் வரும். 10 வாட்டில் 100. பத்துக்குப் பத்து கடைக்குள் பாடுவது 10 வாட் பெட்டியா 100 வாட் பெட்டியா என்று காதை வைத்துச் சொல்ல முடியாது. பேஸைத் திருகி வைத்துவிட்டால் சுத்தமாக முடியாது.

பில் கேட்டேன். "பில்லு போட்டா 18 பர்சென்ட்டு சேரும்பா, இன்னாத்துக்கு தெண்டம்? ஒரு வருசம் வாரன்டி. நா இங்கதான இருக்கேன், எங்க ஓடிடப் போறேன்?" என்று எஸ்டிமேட் சீட்டில் 'ஆம்ப்ளி 1 - 6800' என்று பென்சிலில் எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை. ஜீபேயில் பணம் போட்டபோது வந்தது கடைப் பெயர் அல்ல, ஏதோ ஒரு ஆளின் பெயர். பெட்டி ஸ்க்ரூவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, "இத்த பிரிச்சா வாரன்டி கிடையாது" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் மாட்டிய முதல் நாளே வால்யூம் பூஜ்யத்தில் 'ங்ங்ங்' என்று ஹம். புளூடூத் இணைத்தால் அதற்கு மேல் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். கோயில் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டு வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால், தவிலில் அடி விழும் ஒவ்வொரு தடவையும் நாதஸ்வரம் அமுங்கி எழுந்தது. உள்ளே கரண்ட் சப்ளை போதாமல் வோல்டேஜ் சரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. போன் செய்தேன். "புது ஸ்பீக்கரு, செட்டாவ பத்து நாளு ஆவும்பா."

ஒன்பதாம் நாள் இடது பக்கம் 'டப்' என்றது. வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) கோன் வெளியே தள்ளிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. கருகல் வாசனை. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, டெர்மினலில் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்தால் 15.8 வோல்ட். நல்ல ஆம்ப்ளிஃபயரில் அங்கே 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஒயர்ச் சுருள் டி.சி.க்கு 6 ஓம்தான் காட்டும். 15.8-ஐ அதே எண்ணால் பெருக்கி 6-ஆல் வகுத்துப் பாருங்கள், 41 வாட். பாட்டில்லாமல், அசையாமல் நிற்கிற சுருளில் விடாமல் 41 வாட் சூடு. நிமிஷக் கணக்கில் எரிந்துவிடும். எரிந்தது. அந்த வூஃபர் செலவு தனி, 6,800-இல் அது சேரவில்லை.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். "உங்க ஸ்பீக்கரு மேட்ச் ஆவல" என்றார். 8 ஓம் என்று சொல்லித்தானே வாங்கினேன் என்றதற்கு, "அப்ப உங்க வூட்டுல வோல்டேஜ் ஏறுது." இரண்டாவது தடவை, டெக்னீஷியன் திருவண்ணாமலை போயிருக்கிறான், திங்கட்கிழமை வா. திங்கட்கிழமை போனால் கடைப் பையன் மட்டும்: "அண்ணன் சாப்டப் போயிருக்காரு." ஒன்றரை மணி நேரம் நின்றேன். சாப்பிட்டு வரவில்லை.

நேற்று ராத்திரி ஸ்டிக்கரைக் கிழித்தேன். பெட்டியைத் திறந்து பார்த்ததும் கை நடுங்கியது. அந்த நாலு டிரான்சிஸ்டரும் ஹீட் சிங்கில் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தது, அவ்வளவுதான். ஒன்றின் கால்கூட போர்டில் எந்த இடத்திலும் சால்டர் ஆகவில்லை. மூன்று காலையும் பாதியில் நறுக்கி, ஹீட் சிங்குக்கு அடியில் மடித்து விட்டிருக்கிறார்கள். பாட்டுப் பாடியது பின்னால் ஒளிந்திருந்த ஐந்து கால் டி.டி.ஏ. 2030 ஐ.சி. (சிப்) இரண்டு. அது கெட்ட ஐ.சி. என்று நான் சொல்ல மாட்டேன். நேர்மையாக 'சின்ன ஆம்ப்ளி' என்று சொல்லி விற்றால் நல்ல சரக்கு. அதன் டேட்டா ஷீட்டே சொல்கிறது: பிளஸ் மைனஸ் 14 வோல்ட்டில் 4 ஓமுக்கு 14 வாட், 8 ஓமுக்கு 9 வாட். இடது பக்க ஐ.சி. உள்ளே ஷார்ட் ஆகி, சப்ளை முழுவதையும் ஸ்பீக்கருக்கு அனுப்பியிருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரில் ஒட்டியிருந்தது 12-0-12 (நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 12 வோல்ட்), 3 ஆம்பியர். 24 வோல்ட்டை 3-ஆல் பெருக்கினால் 72 வி.ஏ. (வோல்ட் ஆம்பியர், வாட் மாதிரி ஒரு அளவு). பெட்டிக்குள் வருவதே 72, வெளியே 200 எப்படிப் போகும்? இன்னொரு வழியாகவும் பார்க்கலாம். 8 ஓமில் 100 வாட் வேண்டுமென்றால் உச்சத்தில் 40 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் ஏ.சி.யை டி.சி. ஆக்கினால் 17, டையோடில் போக 16. ஆகாத காரியம். உண்மையிலேயே 100+100 கொடுக்க 32-0-32 அளவிலும், 300 வி.ஏ.க்குக் குறையாமலும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதை ஒரு கையால் அலட்சியமாகத் தூக்க முடியாது.

காப்பர் என்றாரே, அதையும் பார்த்தேன். செகண்டரி ஒயரின் நுனியை பிளேடால் சுரண்டினேன். மேலே இருக்கிற செம்பு நிற வார்னிஷ் உரிந்ததும் உள்ளே வெள்ளை. அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ரெசிஸ்டன்ஸ், அதனால்தான் தவில் அடிக்கு அடி சப்ளை சரிந்தது. சப்ளையின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் பக்கத்துக்கு 2200 மைக்ரோ ஃபாரட் ஒன்றே ஒன்று. ஹம் அங்கிருந்துதான். புளூடூத் போர்டுக்கும் ஆடியோவுக்கும் கிரவுண்டு ஒரே ஒயரில், ரீங்காரம் அதனால். ஸ்பீக்கரைக் காப்பாற்றும் ரிலே போர்டு இல்லவே இல்லை. சில நூறு ரூபாய்ச் சாமான் அது. இருந்திருந்தால் வூஃபராவது பிழைத்திருக்கும்.

இதையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு இன்று போனேன். போட்டோவைக் கண்ணால் பார்க்கக்கூட இல்லை. "சீல பிரிச்சிட்ட இல்ல? உள்ள நீ இன்னா மாத்தினியோ யாரு கண்டா." அவ்வளவுதான். 6,800 ரூபாய்க்கு அதுதான் பதில். பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் அதே கறுப்புப் பெட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "ஐயா, இத வாங்காதீங்க" என்று சொன்னதற்கு என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

எப்படி எடுப்பது என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கு மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

மூடியைத் திறந்து காட்டாத அசெம்பிள் பெட்டியை வாங்காதீர்கள். டிரான்சிஸ்டர் நம்பரைப் பார்க்காதீர்கள், அதன் கால் போர்டில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திறக்க விடவில்லை என்றால் பின்பக்க ஃபியூஸைக் கழற்றச் சொல்லுங்கள். என் பெட்டியில் 0.5 ஆம்பியர் இருந்தது. 230-ஐ அதால் பெருக்கினால் 115 வாட். அந்தப் பெட்டி 200 வாட் தராது என்று பின்னாலேயே எழுதி வைத்த மாதிரிதான், நான் பார்க்கவில்லை. பி.எம்.பி.ஓ. (கண்ணிமைக்கும் நேர உச்ச வாட்) என்று எழுதியிருந்தால் அந்த எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

சாதாரண ஹாலுக்கு உண்மையான 20+20 வாட் தாராளம். டி.பி.ஏ. 3116 சிப் போட்ட கிளாஸ் டி (அதிகம் சூடாகாத வகை) போர்டு, 24 வோல்ட் 5 ஆம்பியர் நல்ல அடாப்டர், இந்தச் சேர்க்கை 8 ஓமில் சேனலுக்கு 25, 30 வாட் வரை கொடுக்கும். அது எடை குறைவாக இருக்கும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் கூடவே 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரைத் திணித்தால் மொத்தமே 24 வாட்தான், வாங்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி என்றால் ஹீட் சிங்க் பெரியதாக இருக்கட்டும், நம்ம ஊர் வெயில் தெரியும்.

ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன் டெர்மினலில் டி.சி. பாருங்கள். 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் என்றால் மாட்டாதீர்கள்.

18 சதவீதம் போனாலும் போகட்டும், பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடக் கட்டணமும் இல்லை. என்னிடம் இருப்பது ஜீபே ஸ்க்ரீன்ஷாட்டும் பென்சில் சீட்டும்தான். அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கிறேன். இதே கறுப்புப் பெட்டி யார் வீட்டிலாவது இருந்தால், இன்றே ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி வையுங்கள்.