கட்டணம் செலுத்தும் முன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள்: டர்பன் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் எனும் பள்ளியிறுதித் தேர்வு முடிவுகள் வெளியாகும் ஜனவரி மாதத்தில், அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காத பிள்ளைகளின் வீடுகளுக்குத் தனியார் கல்லூரிகளிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். எங்கள் மகளுக்கும் அப்படித்தான் வந்தது. குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு பி.காம். இடம் கிடைக்கவில்லை என்பதை அறிந்துகொண்ட சேர்க்கை ஆலோசகர், உம்லாங்காவிலுள்ள தங்கள் வளாகத்திலேயே அதே பட்டத்தை மூன்றாண்டுகளில் பெறலாம் என்றும், பிறகு பட்டயக் கணக்காளர் ஆவதற்கும் தடையேதுமில்லை என்றும் உறுதியளித்தார். ஆண்டுக் கட்டணம் 80,000 ராண்டைத் தாண்டியது. அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் தரும் உதவித்தொகை தனியார் கல்லூரிகளுக்குக் கிடையாது என்பதால், முழுத் தொகையும் எங்கள் கையிலிருந்தே சென்றது.

முதலாண்டு முடிந்து மதிப்பெண் பட்டியல் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதன் தலைப்பில் பி.காம். என்ற சொல்லே இல்லை. "உயர் சான்றிதழ், தகுதிநிலை 5" என்று அச்சாகியிருந்தது. இந்நாட்டின் தேசியத் தகுதிக் கட்டமைப்பில் உயர் சான்றிதழ் ஐந்தாம் நிலை, பட்டயம் (டிப்ளோமா) ஆறாம் நிலை, இளநிலைப் பட்டம் ஏழாம் நிலை. அலுவலகத்தில் விசாரித்தபோது, பி.காம். நடத்தும் அங்கீகாரம் தங்கள் ஜோகன்னஸ்பர்க் வளாகத்துக்கு மட்டுமே உண்டு என்றும், பட்டம் வேண்டுமானால் மகள் அங்கே சென்று படிக்கலாம் என்றும் சற்றும் கூசாமல் கூறினார்கள். விளம்பர ஏட்டில் பி.காம். என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தவர்கள், நாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் படிப்பின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குறியீட்டு எண்ணை மட்டும் அச்சிட்டிருந்தார்கள். அச்சுப் பிழை இப்படி நேராது.

தனியார் கல்லூரிகள் 1997ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டப்படி உயர்கல்வி மற்றும் பயிற்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் கல்லூரி பதிவு பெற்றிருப்பது வேறு, நம் பிள்ளை சேரும் படிப்பு அந்த வளாகத்தில் நடத்த அங்கீகரிக்கப்பட்டிருப்பது வேறு. அங்கீகாரத்தை உயர்கல்வி மன்றம் ஒவ்வொரு படிப்புக்கும், அது நடத்தப்படும் இடத்துக்கும் தனித்தனியாக வழங்குகிறது. "நாங்கள் பதிவு பெற்றவர்கள்" என்று ஆலோசகர் சொன்னது பொய்யன்று. அதனால்தான் அது எளிதில் எடுபடுகிறது. பட்டயக் கணக்காளர் பற்றிய உறுதிமொழியோ முழுப் பொய். அதற்கு, இந்நாட்டுப் பட்டயக் கணக்காளர்களின் அமைப்பான சைக்கா அங்கீகரித்த பட்டப்படிப்பு வேண்டும். அப்பட்டியலில் இந்தக் கல்லூரியின் எந்த வளாகமும் இல்லை.

நம்மவரிடையே, கட்டணம் கூடினால் தரமும் கூடும் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. எம்.எல். சுல்தான் டெக்னிகான், நடால் டெக்னிகான் என்ற இரு தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் 2002இல் இணைந்து உருவான அரசுப் பல்கலைக்கழகமான டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நகரத்திலேயே இருக்க, அங்கே பட்டயம் படிப்பதைக் கௌரவக் குறைவாக எண்ணும் உறவினர்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. செலவுக்கு ஏற்ற பயன் கிடைக்குமா என்று கணக்குப் போடுவதானால், கட்டணத்தை எந்தத் தகுதிநிலையோடு ஒப்பிடுகிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். ஏழாம் நிலைக்கு உரிய பணத்தை வாங்கிக்கொண்டு ஐந்தாம் நிலையைக் கொடுப்பவர்களிடம், கட்டடத்தின் குளிரூட்டியும் இலவச மடிக்கணினியும் எந்தக் கணக்கிலும் சேரா.

மகளை விலக்கிக்கொண்டபோது, இரண்டாம் ஆண்டு முழுமைக்கும் பணம் கேட்டு வசூல் நிறுவனத்தின் கடிதம் வந்தது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, குறித்த கால ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்புடன் நுகர்வோர் முடித்துக்கொள்ள இடம் தருகிறது. கல்லூரி அதுவரையிலான பாக்கியையும் நியாயமான இரத்துக் கட்டணத்தையும் மட்டுமே கேட்கலாம். அவர்களே தேடி வந்து விற்ற ஒப்பந்தமானால், 16ஆம் பிரிவின்படி 5 வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். இவற்றைச் சுட்டி எழுதிய கடிதத்துக்குப் பிறகு வசூல் நிறுவனம் மௌனமாகிவிட்டது. முதலாண்டுக் கட்டணத்தைத் திருப்பித் தரும் பேச்சை மட்டும் கல்லூரி எடுக்கவில்லை.

பணம் கட்டும் முன், உயர்கல்வித் துறை வழங்கிய பதிவுச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதில் உங்கள் வளாகமும், படிப்பின் முழுப் பெயரும், தகுதிநிலையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மகள் இப்போது யூனிசா எனும் தொலைநிலைக் கல்விப் பல்கலைக்கழகத்தில் பாடத்துக்குப் பாடம் கட்டணம் செலுத்தி முதலாண்டிலிருந்து தொடங்கியிருக்கிறாள். எங்கள் புகார் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் கல்லூரியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.