தண்ணீர் உருண்டதைப் பார்த்து 11,800 ரூபாய் கட்டிய கதை

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு, எங்கள் சோஃபாவுக்கும் கம்பளத்துக்கும் கறைத்தடுப்பு ஸ்ப்ரே அடித்த செயலியின் உதவி மையத்திலிருந்து கடைசி பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான். 11,800 ரூபாய் போனது போனதுதான் என்று அர்த்தம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "சரி, திருஷ்டி கழிந்தது" என்று விட்டுவிடுகிற ஆள் நான். சோஃபாவுக்கும் கம்பளத்துக்கும் கறை பிடிக்காமலிருக்க ஸ்ப்ரே அடிக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு, என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

சோஃபா தை மாதம் செய்தது. எல் வடிவம், சந்தன நிறத்தில் பாலியெஸ்டர் துணி. வெளிர் நிறம் வேண்டாம் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நானும் மனைவியும்தான் கேட்கவில்லை. கம்பளம் மாமனார் கொடுத்தது, உத்தரப்பிரதேசத்து பதோஹியில் கையால் முடிந்த கம்பளி விரிப்பு. இரண்டையும் காப்பாற்ற வேண்டுமே என்ற கவலையில் இருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சோஃபா கழுவுகிற, ஏசி சர்வீஸ் பண்ணுகிற செயலிகள் இருக்கின்றனவே, அதில் ஒன்று. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மச்சான் பயமுறுத்துகிறார். அதனால் பெயர் வேண்டாம்.

வந்தவர் சின்னப் பையன், இருபத்தைந்து வயது இருக்கலாம். சீருடை, காலுக்கு நீல உறை, கையில் பெட்டி. பேச்சு தேன். நேரே வேலையில் இறங்கவில்லை. "முதல்ல டெமோ பாருங்க சார், திருப்தியா இருந்தா மட்டும் பண்ணலாம்" என்றார். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன். சோஃபா கையின் பின்பக்கத்தில், சுவரைப் பார்த்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஸ்ப்ரே அடித்தார். பெட்டியிலிருந்து ஹேர் டிரையரை எடுத்துப் பத்து நிமிஷம் காயவைத்தார். அம்மாவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, விரலால் தொட்டுச் சொட்டினார். சேம்பு இலையில் உருளுகிற மாதிரி உருண்டு கீழே விழுந்தது. "காபி இருக்காம்மா?" என்றார். காலையில் மீந்த டிக்காக்‌ஷன் இருந்தது. அதையும் ஒரு ஸ்பூன் ஊற்றினார். கறுப்பு முத்தாக நின்றது. டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, "எங்க ஊத்தினேன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று சிரித்தார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அட, நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார்.

எங்கள் வீட்டில் அம்மாவே ஒன்றை நல்லது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. நான் அதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் வேறு போட்டேன். அந்த வீடியோ இன்னும் அங்கேயே இருக்கிறது, மச்சான் தினமும் அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை போடுகிறார்.

"அஞ்சு வருஷம் வாரண்டி சார். குழம்பே கொட்டினாலும் துடைச்சா போயிடும்." இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சோஃபாவுக்கு 7,000, கம்பளத்துக்கு 3,000, ஜிஎஸ்டி 1,800. ஆக 11,800. முழுப்பணத்தையும் முதலிலேயே செயலியில் கட்டினால்தான் வாரண்டி கார்டு வரும் என்றார். கட்டினேன். கட்டியதும் பேச்சு குறைந்து வேகம் கூடியது. மொத்த வேலையும் அரை மணிக்குள் முடிந்தது. கம்பளத்தைத் தட்டக்கூட இல்லை, வாக்குவம் போடவும் இல்லை, இருந்த தூசியின் மேலேயே அடித்தார். பாட்டிலில் பெயர் எழுதிய தாள் பாதி கிழிந்திருந்தது. இதெல்லாம் இப்போது ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்.

பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மச்சான் குடும்பம் சாப்பிட வந்திருந்தது. டிவியில் மேட்ச், எல்லோர் கையிலும் தட்டு. மச்சானின் சின்னவன் சோஃபாவில் ஏறிக் குதித்ததில் மீன் குழம்புக் கிண்ணம் கவிழ்ந்தது. எல்லோரும் கத்தினார்கள். நான் மட்டும் பதறவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். "விடுங்க, ஒண்ணும் ஆகாது, ஸ்ப்ரே அடிச்சிருக்கு" என்று பெருமையாக டிஷ்யூ எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது குழம்பு துணிமேல் அப்படியேதான் நின்றது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஓரத்தில் நல்லெண்ணெய் மட்டும் தனியாகப் பிரிந்து, ஆரஞ்சு நிற வளையமாக, மெதுவாகத் துணிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒற்றி ஒற்றி எடுத்தேன். குழம்பு வந்தது, வளையம் வரவில்லை. அது பாட்டுக்கு அகலமாகிக்கொண்டே போனது. அம்மா அவசரத்தில் துணி சோப்பை ஈரத்துணியில் தேய்த்துக்கொண்டு வந்து ஒரு தேய் தேய்த்தார். மஞ்சளாக இருந்தது ரத்தச் சிவப்பாகிவிட்டது! குழந்தைக்குத்தான் அடிபட்டுவிட்டதோ என்று மச்சான் மனைவி பதறிப்போனார். மஞ்சளும் சோப்பின் காரமும் சேர்ந்தால் சிவக்கும், ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலக்கிற சமாச்சாரம்தான். தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்துக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

இனி அலைக்கழிப்புப் படலம். அன்று மாலையே செயலியில் புகார் போட்டேன், படத்தோடு. "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்." மூன்று நாள் சத்தமில்லை. நாலாம் நாள் ஒரு பெண் பேசினார். கறை விழுந்து 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டுமாம். இரண்டே மணி நேரத்தில் சொன்னேனே என்றேன். "அது சாட் சார், வாரண்டிக்குத் தனி ஃபார்ம் இருக்கு" என்றார். எந்த ஃபார்ம், எங்கே இருக்கிறது? "லிங்க் அனுப்பறோம் சார்." வரவில்லை.

வேலை செய்துவிட்டுப்போன பையனைப் பிடித்தேன். ஒரே ஒரு முறை எடுத்தார். "சார், அது வாட்டர் பேஸ் கறைக்குத்தான் சார், எண்ணெய்க்கு இல்ல." குழம்பே கொட்டினாலும் என்றாயே தம்பி என்று கேட்டேன். "தண்ணியா இருக்கற குழம்பு சார்" என்றார். எண்ணெய் இல்லாத மீன் குழம்பு எந்த வீட்டில் வைக்கிறார்கள் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அடுத்து ஒரு மேலாளர். வாரண்டி கார்டின் ஏழாவது வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன்: எண்ணெய், மஞ்சள், மசாலா, மை, செல்லப்பிராணிகளின் சிறுநீர், இயற்கை நிறங்கள் ஆகியவை உத்தரவாதத்தில் சேராது. அப்படியானால் ஐந்து வருஷமும் எதற்குத்தான் உத்தரவாதம், பச்சைத் தண்ணீருக்கா? நல்லெண்ண அடிப்படையில் 500 ரூபாய் கூப்பன் தருகிறேன் என்றார், அவர்களிடமே சோஃபா கழுவிக்கொள்ள. 11,800 வாங்கியவனுக்கு 500 கொடுக்க வாய் கூசவில்லை. ஜிஎஸ்டி பில் கேட்டேன், "சிஸ்டத்தில் ஜெனரேட் ஆகும்" என்றார். அது இன்றுவரை ஜெனரேட் ஆகவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உண்மையில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு விஷயம்.

சோஃபா செய்த கடைக்காரர் மீந்த துணியில் ஒரு முழம் சுருட்டிக் கொடுத்திருந்தார். பரணில் கிடந்தது, ஸ்ப்ரே படாத துணி. புதன்கிழமை ராத்திரி அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு டிக்காக்‌ஷன், ஒரு சொட்டு நல்லெண்ணெய் வைத்தேன். தண்ணீர் முத்தாக நின்றது. டிக்காக்‌ஷனும் நின்றது. எண்ணெய் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது. அப்புறம் சோஃபாவின் பின்பக்கம், டெமோ காட்டிய அதே இடத்துக்குப் பக்கத்தில், அதே மூன்று சொட்டு. அச்சு அசலாக அதே கதை. ஸ்ப்ரே அடித்த துணிக்கும் அடிக்காத துணிக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை!

காலையில் சோஃபா கடைக்காரரைக் கூப்பிட்டேன். "அந்தத் துணி மில்லிலேயே ஃபினிஷ் போட்டு வர்றது சார், புதுசுல தண்ணி எப்படியும் நிக்கும். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். ஆக, அந்தத் தம்பி என் சோஃபாவில் ஏற்கெனவே இருந்ததையே எனக்குக் காட்டி, என்னிடமே விற்றுவிட்டுப் போயிருக்கிறார். ஸ்ப்ரே அடித்த இடத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றினார். அடிக்காத இடத்தில் ஊற்றிக் காட்டு என்று கேட்கும் புத்தி எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் இல்லை. பாட்டிலில் இருந்தது வெறும் தண்ணீராகவே இருந்திருந்தாலும் டெமோ அப்படியேதான் நடந்திருக்கும்.

வயிற்றெரிச்சலில் இரண்டு ராத்திரி இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இந்தக் கறைத்தடுப்பு ஸ்ப்ரே சமாச்சாரமே ஒரு விபத்தில் பிறந்தது. 1953-இல் அமெரிக்காவின் 3எம் ஆய்வகத்தில் செயற்கை ரப்பர் கலவை ஒன்று உதவியாளரின் கேன்வாஸ் ஷூவில் சிந்த, அந்த இடத்தில் தண்ணீரும் எண்ணெயும் எதுவும் ஒட்டவில்லை. கூட இருந்த பேட்சி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்து, 1956-இல் ஸ்காட்ச்கார்டு என்று விற்பனைக்கு வந்தது. எண்ணெயையும் சேர்த்து விரட்டியதற்குக் காரணம் அதிலிருந்த ஃப்ளோரின் சேர்மங்கள். அவை மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்கி, நம் ரத்தம்வரை வந்துவிட்டன என்று தெரிந்ததும், பழைய சேர்மத்தைக் கைவிடுவதாக 2000-இல் அந்த நிறுவனமே அறிவித்தது. இப்போது ஃப்ளோரின் இல்லாத ஸ்ப்ரேக்கள் நிறைய வருகின்றன. சிலிகான், மெழுகு வகைகள் தண்ணீரை நன்றாக விரட்டும், எண்ணெயிடம் தோற்றுப்போகும். அது அவற்றின் குற்றமில்லை. அதை மறைத்து, குழம்பு கொட்டினாலும் போகும் என்று விற்றதுதான் குற்றம்.

எண்ணெய்க்கென்றே ஜவுளித் துறையில் தனிச் சோதனை இருக்கிறது, ஏஏடிசிசி 118 என்று பெயர். எட்டு வகை எண்ணெய்த் திரவங்களை வரிசையாகத் துணியில் சொட்டு வைத்து 30 விநாடி பார்ப்பார்கள், எது வரைக்கும் உள்ளே இறங்கவில்லையோ அதுதான் அந்தத் துணியின் மதிப்பெண். என் சோஃபா இதில் பூஜ்யம்தான் வாங்கும், ஆய்வகம் தேவையில்லை.

ஒரே ஒரு ஆறுதல், மஞ்சள் வெயிலில் வெளுக்கும். ஜிப் வைத்த திண்டு உறைகளைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் திரவத்தில் எண்ணெயை எடுத்துவிட்டு, நாலு நாள் மொட்டைமாடியில் கொடியில் போட்டோம். நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் உட்காரும் பலகையில் ஆணி அடித்த துணியை எப்படி மாடிக்குத் தூக்குவது? அங்கே ஒரு ஜாண் அகலத்துக்கு வட்டம் அப்படியே இருக்கிறது. அம்மா அதன்மேல் ஒரு துண்டை விரித்துவைத்திருக்கிறார். 11,800 ரூபாய்ச் செலவுக்கு அப்புறம் துண்டு!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். மணி ஒன்றாகிவிட்டது, காலையில் ஆபீஸ் இருக்கிறது. அவசரமாக இவ்வளவுதான்: டெமோ காட்டினால் அடிக்காத இடத்திலும் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில். தண்ணீரோடு விடாதீர்கள், உங்கள் வீட்டு எண்ணெயைச் சொட்டச் சொல்லுங்கள், தெரியாத மூலையில். மீந்த துணி இருந்தால் அதில். வாரண்டி கார்டை முதலில் வாங்கிப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். பில் இல்லாமல் ஜிஎஸ்டி கொடுக்காதீர்கள். மஞ்சள் கறையில் துணி சோப்பு போடாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை போன் போட்டுப் புகார் பதிந்திருக்கிறேன், எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த டெமோ வீடியோவையும் மேஜையில் எடுத்த வீடியோவையும் சேர்த்து அனுப்பப்போகிறேன். கம்பளத்தை இன்னும் சோதிக்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு அதன் பக்கம் போனாலே அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு வருகிறார்.